இடது கையால் பார்த்த படகு

1

இன்று அப்பாவுக்குத் திதி. பதிமூன்றாவது வருஷம். ஊரிலிருந்து தம்பி பாபு பஞ்சாங்கம் பார்த்துத் தேதி சொல்லிவிடுவான். நான் ஆக்லாந்தில் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பீங்கான் தட்டில் சோறு வைப்பேன். இந்த ஊரில் காக்கை கிடையாது. கடல் பறவைகள்தான் வந்து சண்டை போட்டுத் தின்றுவிட்டுப் போகின்றன. முதல் வருஷம் அதற்காக உட்கார்ந்து அழுதேன். இப்போது அழுவதில்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டியவர். யார் ஏறினாலும் அவருக்குச் சவாரிதான்.

போன சனிக்கிழமை ஒரு படகைப் பார்க்கப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய பாய்மரப் படகு. வாங்க ஆசைப்படுவது என் மகன் கதிர். வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் நான்.

ஒரகடத்துக்காரிக்குப் பாய்மரப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. மாமல்லபுரத்தில் முட்டி அளவுத் தண்ணீரில் நின்றதுதான் எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு. ஆனால் என்னிடம் ஒரு கை இருந்தது. அந்தக் கையை நம்பித்தான் என் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

2

சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் எங்கள் வீடு. பன்னிரண்டாவது முடித்ததும் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பெரிய அச்சு மேலிருந்து இறங்கி அடிக்கும். தட்டையாகப் போன தகடு கதவாக வெளியே வரும். பெல்ட்டில் அது என் முன்னால் வரும்போது நான் குறை பார்க்க வேண்டும். ஒரு கதவுக்கு முப்பத்தைந்து நொடி.

குறை என்றால் கண்ணுக்குத் தெரிகிற நெளிசல் இல்லை. மயிரிழை அளவு மேடு, மயிரிழை அளவு பள்ளம். பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் நிறுத்தினால்தான் அது தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரே வழி கை. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, விரலை விறைக்காமல், உள்ளங்கை முழுவதும் படும்படி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாகத் தடவ வேண்டும். வெறுங்கையால் தடவினால் வேர்வை பிடித்து இழுக்கும், ஒன்றும் தெரியாது. கையுறை போட்டால் கை வழுக்கும், வழுக்குகிற கைக்கு மேடு தட்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது சூப்பர்வைசர் இல்லை, பெல்ட்டில் எனக்குப் பக்கத்து இடத்தில் நின்ற முத்துலட்சுமி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சிங்கப்பெருமாள் கோவிலில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தாள். "கண்ண மூடிக்கிட்டுத் தடவுட்டி. கண்ணு தெறந்திருந்தா அது நமக்கு முன்னால போயி பொய் சொல்லும்" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தூங்குகிறேன் என்று சூப்பர்வைசர் ஒரு ஷிப்ட் முழுக்கத் திட்டியதும் உண்டு.

குறை இருந்தால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். பிறகு தாளில் எழுத வேண்டும்: எந்த இடம், என்ன குறை, முடிவு என்ன. முடிவு மூன்றே மூன்று. ஓகே. என்.ஜி., அதாவது ஆகாது. மூன்றாவது ஹோல்ட். ஹோல்ட் என்றால் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டி மூலை ரேக்கில் நிறுத்திவிடுவார்கள். அனுப்பவும் மாட்டார்கள், உடைக்கவும் மாட்டார்கள். பெரியவர்கள் யாராவது வந்து முடிவு சொல்லும்வரை அது அங்கேயே நிற்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தன் கை பட்ட வேலைக்குத் தானே முடிவு எழுதக் கூடாது. நான் திருத்திய கதவுக்கு முத்துலட்சுமிதான் கையெழுத்துப் போடுவாள், அவளுடையதற்கு நான்.

கதிர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு இதுதான் விளையாட்டு. பொம்மைக் கார்களை வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தடவி, "ஓகே, என்.ஜி., ஓல்ட்" என்று துண்டுத் தாளை ஒட்டுவான். சக்கரம் போன காரை என்.ஜி. என்று சொல்ல அவனுக்கு மனசு வராது. அது எப்போதும் 'ஓல்ட்'தான்.

3

கதிருக்கு ஏழு வயதில் நியூசிலாந்துக்கு வந்தோம். கணவருக்கு இங்கே அடிபட்ட கார்களைச் சரிசெய்கிற வேலை கிடைத்தது, அந்த விசாவில் நாங்கள் தொற்றிக்கொண்டு வந்தோம். இரண்டு வருஷத்தில் அவர் வேறு ஊருக்கும் வேறு குடும்பத்துக்கும் போய்விட்டார். அவரைப் பற்றி இந்தக் குறிப்பில் இதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

என் ஒன்பது வருஷ அனுபவச் சான்றிதழை இங்கே எந்த அலுவலகமும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் என்ன அளவு கருவி பயன்படுத்தினீர்கள்?" என்று ஒரு நேர்முகத்தில் கேட்டார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மாள் மெதுவாக, சத்தமாக, இன்னொரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு ஒரு சலவை ஆலையில் சேர்ந்தேன். ஹோட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளில் கிழிசல், கறை பார்க்கிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதுதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் மூன்று கிழிந்த விரிப்புகள் என்னைத் தாண்டிப் போய்விட்டன. மேற்பார்வையாளர் கண்ணாடி மாற்றிப் பார் என்றார். கண்ணில் கோளாறு இல்லை. வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் என்னிடம் சேதி சொல்வதை நிறுத்திவிட்டன. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் அவற்றுக்கு ஒன்று. பிறகு சுட்டு விரலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் சுத்தியலால் முழங்கையைத் தட்டிப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், சர்க்கரை இல்லை என்றார். கழுத்து எலும்புக்குள் ஏதோ நரம்பை அழுத்துகிறது, அது என்னவென்று ஸ்கேனில்தான் தெரியும் என்றார். 'தங்கள் பெயர் வரிசையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. அதைத் துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். இங்கே நான் புடவை கட்டுவது வருஷத்துக்கு இரண்டு தரம், அந்த அலமாரியைக் கதிர் தொடுவதில்லை.

கதிரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் படகு.

அவனுக்கு இப்போது இருபத்தொரு வயது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று யார் கண்டது, இவன் கடல் பக்கம் ஒதுங்கிவிட்டான். பள்ளியில் யாரோ ஒரு நாள் பாய்ப் படகில் ஏற்றிவிட்டார்கள், அன்றோடு சரி. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு விட்டுவிட்டு வருவேன், அவன் பின்பக்கமாகப் போய்த் துறைமுகத்தில் நிற்பான். அ, ஆ தாண்டி அவனுக்குப் படிக்க வராது. பேச்சு மட்டும் வரும், அதுவும் ஏழு வயதில் ஒரகடத்தில் நின்றுபோன பேச்சு. இங்கிலீஷில் இந்த ஊர்ப் பையனாகப் பேசுகிறவன் தமிழுக்கு வந்தால் அச்சு அசலாக என் அப்பா. "இன்னாமா, சோறு கீதா?" என்று அவன் கேட்டுக்கொண்டு நுழையும்போது சில நாள் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவன் தமிழ் படிக்காததற்காக நான் என்னைத் திட்டிக்கொள்ளாத மாதம் இல்லை.

புயல் காலம் முடிந்ததும் சிநேகிதனோடு வடக்கே டோங்கா, ஃபிஜி என்று தீவு தீவாகப் போக வேண்டும் என்பது அவன் திட்டம். எத்தனை நாள் என்றேன். "தெரிலமா. ரெண்டு வருஷம்? மூணு?" என்றான். படகிலேயே வீடு, போகிற இடத்தில் வேலை. படகு கடலுக்குத் தகுதி என்று அரசாங்க ஆய்வாளர் வந்து சான்று தராமல் இந்த நாட்டை விட்டு வெளியே விட மாட்டார்கள். "அவரு அப்பால வருவாரு. மொதல்ல நீ கை வெச்சுப் பாருமா" என்றான்.

போன வாரம் முழுக்க நான் ஒரே முடிவில் இருந்தேன். அந்தப் படகு எப்படி இருந்தாலும் என்.ஜி. என்று சொல்லிவிடுவது. என் வார்த்தையைத் தாண்டி அவன் வாங்க மாட்டான். இந்த வீட்டில் மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான், அவனையும் தண்ணீரில் விட எனக்குத் தெம்பில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

4

அவன் என் கையை இப்படி நம்புவதற்குக் காரணம் ஒரு ஷேர் ஆட்டோ.

அப்பா வாடகை வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினாலு பேர் தொங்குவார்கள். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று மறைமலை நகரில் ஒரு பழைய வண்டி பார்க்கப் போனோம். கதிருக்கு அப்போது ஐந்து வயது, என் இடுப்பில் இருந்தான். வண்டி பளபளவென்று புதுப் பெண் மாதிரி இருந்தது. நான் பையிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத் தூணைத் தடவினேன். ஒரு சாண் தூரத்துக்குக் கை இரண்டு தடவை ஏறி இறங்கியது.

"இன்னாமா சொல்லுது?" என்றார் அப்பா.

"அடிபட்ட வண்டிப்பா. டிங்கரிங் பண்ணி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சிருக்காங்க. தூண் நேரா இல்ல."

விற்க வந்தவர் சத்தியம் பண்ணினார். அப்பா சாவியால் அந்த இடத்தைச் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் பட்டி வெள்ளையாக உதிர்ந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வண்டி கிடைக்காதது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "எம் பொண்ணு கை வெச்சா தெரிஞ்சிடும்பா. நீ எங்கனா வேற ஆளப் பாரு" என்றார். அதற்கப்புறம் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கதிரும் வீட்டில் அதையே சொல்லிக்கொண்டு நடந்தான்.

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் விமானம் ஏறிய அன்று அப்பா கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல வெயில்.

"இன்னாப்பா, ஏர்போர்ட்டுக்குக்கூட துண்டு?"

"ரோடு வேல நடக்குதில்ல, ஒரே தூசி. துண்டு இல்லாம வண்டி ஓட்ட முடியல. பழக்கமாயிடுச்சிமா."

கதிரைத் தூக்கிக் கொஞ்சினார். என்னிடம் மட்டும் ஓரடி தள்ளியே நின்றார். தோளில் சாயலாம் என்று நான் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "கெளம்பு, கெளம்பு, டைம் ஆயிடுச்சி" என்றார். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கை ஆட்டினார். நானும் நம்பினேன். அந்த ரோட்டில் தூசி இருந்ததும் உண்மைதானே.

பத்தாவது மாதம் பாபு போன் பண்ணினான். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா. கழுத்துல கட்டி இருந்துச்சுக்கா. நீ போறதுக்கு நாலு மாசம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. உன்னாண்ட சொன்னா கெளம்ப மாட்டன்னு எங்க வாயெல்லாம் கட்டிட்டாரு. நீ தோள்ல கை வெச்சா கண்டுபுடிச்சிடுவன்னு பயந்துகினே இருந்தாரு."

நான் போகவில்லை. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்ட விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்தது. கேட்டுப் படிவம் எழுதினேன். அது என் கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அப்பா மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. குறையை மறைத்துப் பட்டி பார்த்து அனுப்புகிறவர்களைப் பிடிக்கிறதே என் வேலை. என் வீட்டிலேயே, என்னிடமே, அதைப் பண்ணிவிட்டார். பதிமூன்று வருஷமாக என் மனசில் அவர் பெயருக்கு எதிரே என்.ஜி. என்றுதான் எழுதியிருந்தது.

5

படகு தண்ணீரில் இல்லை. கரையில், இரும்புக் கால்கள் முட்டுக் கொடுக்க, என் தலைக்கு மேல் உயரமாக நின்றது. வெள்ளை ஃபைபர் உடம்பு, அடியில் ஈயக் கட்டை தொங்கியது. விற்கிறவர் ஜூடித் என்று ஓர் அம்மாள், எழுபது வயது இருக்கும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஏணி ஏற முடியவில்லையாம். கீழே ஒரு மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரகடத்திலிருந்து கொண்டுவந்த கையுறை ஒரு ஜோடி என்னிடம் இன்னும் இருக்கிறது. இடது கைக்கு மட்டும் மாட்டிக்கொண்டேன். கம்பெனியில் இடது பக்கக் கதவு வரும்போது இடது கையால் பார்த்த பழக்கம் உண்டு, ஆனாலும் அது வலது கை அளவுக்குக் கெட்டிக்காரக் கை இல்லை. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தடவை தடவினேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கிலிருந்து பின்பக்கம்வரை, மேலிருந்து கீழே, நடந்து நடந்து. தண்ணீருக்குள் இருக்கிற பகுதியில் நான்கு கொப்புளம் தட்டியது. பழக்கத்தில் மஞ்சள் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு அம்புக்குறியும் வரைந்துவிட்டேன். ஜூடித் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வெள்ளைப் படகில் அவர் எதிரிலேயே ஒரு பெண் கிறுக்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள். கதிர் ஓடிப்போய் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தான். துடைத்தால் போய்விடும் என்று நானும் துடைத்துக் காட்டினேன்.

பிறகு மேல்தளம். அங்கே, கதிர் சொல்லித் தந்தபடி, நாணயத்தால் தட்டினேன். நல்ல இடம் 'டக்' என்று சொல்லும், உள்ளே ஊறிப்போன இடம் 'தொப்' என்று சொல்லும். பாய்மரத்தின் காலடியில் ஒரு தட்டு அகலத்துக்குத் 'தொப்'. அறுத்து எடுத்து மாற்றலாம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் எவர்சில்வர் பட்டையில் வந்து சேருகின்றன. உள்ளே அலமாரிக்குள் தலையைவிட்டு டார்ச் அடித்தேன். ஒரு பட்டையின் அடியில் டீக்கறை மாதிரி துரு வழிந்திருந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஜன்னல் ஓரம் இரண்டில் ஒழுகல். இப்படியே பதினொன்று.

கடைசியாக ஈயக் கட்டை உடம்போடு சேரும் இடம். கட்டை கழன்றால் படகு கவிழும், அதனால் அங்கேதான் எல்லோரும் பயப்படுவார்கள் என்று கதிர் முன்பே சொல்லியிருந்தான். அங்கே பெயின்டில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிசாகக் கோடு விட்டிருந்தது. கதிர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னாமா, இது என்.ஜி.யா?"

நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான். தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். இடது கையை அதன் மேல் வைத்தேன். குறுக்கே தடவினேன், நெடுக்கே தடவினேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பூச்சு மட்டும் காய்ந்து விரிந்திருக்கிறது. அடியில் இரண்டும் ஒன்றை ஒன்று விட்டு மயிரிழைகூட நகரவில்லை. நாணயத்தால் தட்டினேன். டக், டக், டக்.

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது, ஆனால் என் கை அதைச் சொல்ல விடவில்லை.

"பெயின்ட் விரிசல்டா, சும்மா. உள்ள கெட்டியா இருக்கு. அந்தத் துருப் பட்டைய மாத்து, மேல ஊறின எடத்த அறுத்து ஒட்டு. படகு ஓகே."

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் கீழிருந்து தூக்கிவிட்டான். அப்படி அவன் என்னைத் தூக்கியது அதுவரை இல்லை.

6

படகுக்குள் ஒரு சின்ன மேஜை இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து கம்பெனித் தாள் மாதிரியே கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். எண், இடம், குறை, முடிவு. கதிர் படிப்பதற்காக இங்கிலீஷில், எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதினேன். பென்சில் இரண்டு தடவை நழுவி விழுந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான்.

"இன்னாமா, இன்னிக்கு ஃபுல்லா லெஃப்ட் ஹேண்ட்லயே பாத்த?"

"ரைட் க்ளவ்ஸ் கிழிஞ்சிடுச்சுடா."

"ஓ. ஓகே" என்றான். நம்பிவிட்டான். திரும்பி அலமாரிகளைத் திறந்து எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

கிழியாத அந்த வலது கையுறை என் பைக்குள்தான் இருந்தது. அவன் எவ்வளவு சுலபமாக நம்பினான் என்பதுதான் என்னை உலுக்கியது. நானும் தூசியை அப்படித்தான் நம்பினேன். இவனும் ஏதோ ஒரு தீவில் நின்றுகொண்டு போனில் கேட்கப் போகிறான், அம்மாவுக்கு இத்தனை நாளாக இருந்தது என்று. இவனும் பதிமூன்று வருஷம் என் மேல் கோபமாக இருக்கப் போகிறான்.

பதினோராவது வரிக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டேன். இடம்: அம்மா, வலது கை. குறை: மூன்று விரலில் உணர்ச்சி இல்லை, ஏழு மாதம், காரணம் தெரியாது, ஸ்கேன் வரவில்லை. முடிவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். என் பொருளுக்கு நான் முடிவு எழுதக் கூடாது. தாளையும் பென்சிலையும் அவன் பக்கம் தள்ளினேன்.

மேலிருந்து சிரித்துக்கொண்டே படித்து வந்தவன் கடைசி வரியில் நின்றான். திரும்பவும் படித்தான்.

"எப்போலேர்ந்து கீது?"

"அதான் எழுதிருக்கேனே. ஏழு மாசம்."

எதிரே வந்து உட்கார்ந்தான். என் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாக அழுத்தினான். "இது தெரியுதா? இது?" சுட்டு விரலில் இல்லை என்றேன். நடு விரலிலும் இல்லை என்றேன். மோதிர விரலை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"தாத்தா மாதிரியே பண்ணிகினு இருந்தியா?" என்றான்.

"அதான் சொல்லிட்டேன் இல்லடா."

அந்தச் சின்ன வட்ட ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்துக் காலிக் கட்டத்தில் ஒரே வார்த்தை எழுதினான். ஹோல்ட். ஏணியில் இறங்கிப்போய், படகு இப்போது வேண்டாம் என்று ஜூடித்திடம் சொன்னான். அந்த அம்மாள் எழுந்து, வலிக்கிற முழங்காலோடு ஏணிவரை வந்து, நான் இறங்கும்போது என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவை என் கையில் வைத்துவிட்டார்.

7

செவ்வாய்க்கிழமை அந்தப் படகை ஒரு தம்பதி வாங்கிவிட்டார்கள். கதிர் என் தாளை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறான், பன்னிரண்டாவது வரியை அழித்துவிட்டு.

அவன் இப்போது நல்ல பிள்ளையாக வீட்டில் இருக்கிறான். வீடியோ பார்த்து சாம்பார் வைக்கிறான். சுடுதண்ணீரை என்னை எடுக்க விடுவதில்லை. கிடங்கு ஒன்றில் சாமான் அடுக்குகிற வேலைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான். காலையில் காபி குடிக்கும்போது மட்டும் போனை எடுத்து, காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை வேகத்தில் வீசுகிறது என்று பார்க்கிறான். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுகிறான். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

அவன் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இருக்கிறான். பொய் சொல்லி நிறுத்தவும் இல்லை, நிஜத்தைச் சொன்னேன், நின்றுவிட்டான். ஆனால் கம்பெனியில் அந்த மூலை ரேக்கை நான் ஒன்பது வருஷம் பார்த்திருக்கிறேன். ஹோல்ட் போட்ட கதவுகளில் பாதிக்கு மேல் ஒரு குறையும் கிடையாது. முடிவு சொல்ல யாரும் வராமல் அங்கேயே நின்று, ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகி, துருப் பிடித்துப் பழைய இரும்புக்குப் போகும். மஞ்சள் அட்டை மட்டும் கடைசிவரை புதுசாகத் தொங்கும்.

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் போட்டோவை வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் எடுத்தது, துண்டோடு. இத்தனை வருஷம் அந்தத் துண்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம்தான் வரும். இன்று காலை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி தள்ளி நிற்க அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. கடைசியாக ஒரு தடவை மகள் தோளில் சாயட்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும். சாயவிட்டிருந்தால் நான் இன்னமும் ஒரகடத்தில் இருந்திருப்பேன், அவரும் எப்படியும் போயிருப்பார். அவர் பெயருக்கு எதிரே நான் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டேன்.

ஸ்கேனுக்குத் தேதி குறித்த கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அதுவும் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஸ்கேன் அவன் வேலைக்குப் போகிற நாளில்தான், பஸ்ஸில் தனியாகப் போய் வருவேன். உள்ளே எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெறும் நரம்புச் சுளுக்கு, மாத்திரை கொடுத்தார்கள் என்று சொல்லப் போகிறேன். அவன் விரலை அழுத்திக் கேட்பான். அதற்கும் தினம் பழகுகிறேன். அழுத்தும்போது அவன் கட்டைவிரல் நகம் வெளுக்கும். அதைப் பார்த்து "தெரியுது" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். புயல் காலம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த ஊரில் விற்கிற படகுக்கா பஞ்சம்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்லாதவரை பயமில்லை. அவனுக்குத் தமிழ் படிக்க வராது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை நினைத்து நிம்மதியாக இருக்கிறது.